பொறுங்க என்று சொன்னவன்

ஜனவரி 6

தம்பி,

நல்லா இருக்கியான்னு கேட்க மாட்டேன். கோபமா இருக்கேன்.

உங்க அத்தான் எழுதின கடுதாசி நேத்து வந்துச்சு. நாலு பக்கம். அதுல மூணு பக்கம் சமையலறைக் கூரை ஒழுகுறதை யாரைக் கூப்பிட்டுச் சரி பண்ணணும்ங்கிற விவரம். கடைசிப் பக்கத்து அடியில, போனாப் போகுதுன்னு ரெண்டு வரி: "நம்ம பிரிவுல இனிமே குறி பார்த்துச் சுடுறது உன் தம்பிதான். நீளத் துப்பாக்கி அவன்கிட்ட."

ஏண்டா? எட்டுப் பேர்ல வேற ஆளே கிடைக்கலையா? கொசு அடிக்கவே ரெண்டு தடவை யோசிக்கிறவன் நீ. நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அது கடிச்சிட்டுப் போயிடும்.

ஒரே வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒரே பிரிவுல வேண்டாம்னு அப்பவே தலையால அடிச்சிக்கிட்டேன். "என் கண்ணு முன்னாடியே இருப்பான், நான் பார்த்துக்கிறேன்"னு உன்னைக் கேட்டு வாங்கினது அவர். இப்ப யாரு யாரைப் பார்த்துக்கிறதுன்னே தெரியலை.

எங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்லயும் விஷயம் பரவிடுச்சு. "உங்க தம்பி ஸ்னைப்பராமே"ன்னு சூப்பரின்டென்ட் கேட்டார், ஏதோ டாக்டருக்குப் படிச்சு முடிச்ச மாதிரி. எனக்கு ஃபைலைத் தூக்கி அவர் மேல போடலாமான்னு இருந்துச்சு.

ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். பஸ்ல ஏறினாக்கூட முதல் ஆளா ஏறணும் அவருக்கு. இப்ப உங்களைப் போட்டிருக்கிற அந்த ஊர்லயும் அப்படித்தான் போவாருன்னு தெரியும். நீ பின்னாடி நிக்கிறவன்னா, அவர் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காதே.

பாப்பாவுக்கு முன்பல் ரெண்டும் விழுந்திடுச்சு. மாமாவுக்கு எழுதச் சொன்னா.

அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது.

முதலில் உன் சூப்பரின்டென்டிடம் சொல், நான் ஸ்னைப்பர் இல்லை. ஸ்னைப்பருக்குத் தனிப் பயிற்சி, தனி உத்தரவு. துணைக்கு ஒருவனோடு பிரிவை விட்டுத் தனியாகப் போவான். இரண்டு நாள் ஒரே இடத்தில் படுத்திருப்பான். நான் எட்டுப் பேரில் ஒருவன். அவர்கள் நடந்தால் நானும் நடக்கிறேன். ஓடினால் ஓடுகிறேன், என்னுடையது எல்லோருடையதையும் விடக் கனம் என்பதால் கடைசியாக ஓடுகிறேன்.

மற்றவர்களின் துப்பாக்கியை முந்நூறு மீட்டர் வரை நம்பலாம். அதைத் தாண்டினால் குண்டுவின் மெஷின்கன் இருக்கிறது. (குண்டு என்றதும் பெரிய ஆள் என்று நினைக்காதே. எலும்பும் தோலும்தான். துப்பாக்கியால் வந்த பெயர்.) ஆனால் அது ஆளைச் சுடுவதில்லை, இடத்தைச் சுடும். ஒரு ஜன்னலில் இருக்கிற ஒருவனை மட்டும், பக்கத்து ஜன்னலுக்கு ஒன்றும் ஆகாமல், அறுநூறு மீட்டர் வரை சுட பிரிவில் ஒருவன் வேண்டும். அதுதான் நான். துப்பாக்கி மேல் இருக்கிற தூரக் கண்ணாடியை வைத்து, என்னைக் "கண்ணாடி" என்று கூப்பிடுகிறார்கள்.

நாள் முழுவதும் செய்வது சுடுவது இல்லை, பார்ப்பது. எந்த ஜன்னல் நேற்று மூடியிருந்து இன்று திறந்திருக்கிறது, எந்தக் கடைக்காரர் இன்று கதவைத் திறக்கவில்லை, எந்தத் தெருவில் பிள்ளைகள் விளையாடவில்லை. இதையெல்லாம் வயர்லெஸ்ஸில் சொல்வேன். அதை வைத்து அவர்கள் கால் எடுத்து வைப்பார்கள்.

சுடும் போட்டியில் நான் மூன்றாவதாகத்தான் வந்தேன். பிரிவின் சார்ஜன்ட் அவர்தானே, ஏன் என்னை எடுத்தீர்கள் என்று அத்தானிடமே கேட்டேன். "அந்த ரெண்டு பேருக்கும் சுடணும்னு ஆசை. உனக்குப் பார்க்கணும்னு ஆசை. எனக்குப் பார்க்கிறவன் போதும்" என்றார்.

அவர் முதுகை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சட்டையில் ஒரு தையல் விட்டிருப்பதுகூடத் தெரிகிறது.

பாப்பாவின் பல்லுக்கு என் அனுதாபம்.

தம்பி


மார்ச் 2

தம்பி,

அங்க என்ன நடந்துச்சு?

மூணு வாரமா அவர்கிட்டேருந்து கடுதாசி இல்லை. போன ஞாயிறு போன் பண்ணினார். கூரையைப் பத்திக் கேட்பாருன்னு பார்த்தா கேட்கலை. நான்தான் பேசினேன், அவர் "ம்" போட்டுக்கிட்டிருந்தார். வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டார்: "ஆஸ்பத்திரியில ஒருத்தர் ஃபைல்ல தப்பா ஏதாவது எழுதிட்டா, அப்புறம் திருத்த முடியுமா?" திருத்தலாம், ஆனா எழுதினவரே வந்து கையெழுத்துப் போடணும்னு சொன்னேன். "சரி"ன்னு வெச்சிட்டார்.

பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். என் வேலையைப் பத்தி ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டதில்லை அந்த மனுஷன்.

உண்மையைச் சொல்லு.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்குக் கொஞ்சம் அலைச்சல், தூக்கமில்லை. கவலைப்படும்படி ஒன்றுமில்லை. அவரிடம் எதுவும் துருவிக் கேட்காதே.

குளிர் குறைந்துவிட்டது.

தம்பி


ஏப்ரல் 14

அக்கா,

ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அத்தானின் உடலோடு ஊருக்கு வர அனுமதி கேட்டேன். தரவில்லை. பெட்டியை வண்டியில் ஏற்றும்போது ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் போக விடவில்லை.

அவருக்கு வலி தெரிந்திருக்காது என்று மருத்துவ உதவியாளர் சொன்னார். உடனே நடந்துவிட்டது.

பாப்பாவைப் பார்த்துக்கொள். நான் இருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 30

பதினாலு வருஷமா ரெக்கார்டு ரூம்ல உட்கார்ந்திருக்கேன். ஆயிரம் சாவு ஃபைல் என் கையால போயிருக்கு. "வலி தெரியலை"ன்னு ஒரு டாக்டரும் எழுதி நான் பார்த்ததில்லை. வெளியில நிக்கிற சொந்தக்காரங்களுக்குச் சொல்றது அது. என்னையும் வெளியில நிக்க வெச்சிட்டே.

குண்டு வந்திருந்தார். லீவுல போற வழியில, துக்கம் கேட்க. நீ சொன்னது சரி, எலும்பும் தோலும்தான். நாற்காலி நுனியில உட்கார்ந்து காபியை ஆற வெச்சிட்டு, கடைசியில வாயைத் திறந்தார்.

நாற்சந்தியைத் தாண்டணுமாம். நீ பள்ளிக்கூட மாடியில இருந்தியாம். எதிர்க் கட்டிடத்துல மூணாவது மாடி ஜன்னல்ல ஒருத்தன் இருக்கான்னு நீயேதான் சொன்னியாம். உங்க அத்தான் வயர்லெஸ்ல கேட்டாராம். நீ "பொறுங்க"ன்னியாம். மறுபடியும் கேட்டாராம். மறுபடியும் "பொறுங்க". அப்புறம் அவர் தெருவில இறங்கினார், அந்த ஜன்னல்லேருந்துதான் சுட்டான். அதுக்கப்புறம் நீ ஒரே குண்டுல அவனைச் சாய்ச்சிட்டியாம். ஒரே குண்டு! குறி தப்பலையாம்! குண்டு அதைச் சொல்லும்போது அவர் முகத்துல பெருமையா வருத்தமான்னு எனக்குத் தெரியலை.

அந்தக் குண்டை அஞ்சு நொடி முன்னாடி விட்டிருந்தா என்னடா? கொசுவுக்கு யோசிச்ச மாதிரி யோசிச்சியா?

அவர் முதுகைப் பார்த்துக்கோன்னு எழுதினேன். நல்லாப் பார்த்தே.

இனிமே எனக்கு எழுதாதே.


மே 13

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் சரி.

குண்டு சொன்னது அத்தனையும் உண்மை. அவர் இருந்த இடத்திலிருந்து தெரியாததை மட்டும் சொல்கிறேன்.

முந்நூற்று எண்பது மீட்டர். ஜன்னலில் பாதித் திரை. உள்ளே ஒருவன் மண்டியிட்டிருந்தான். கையில் நீளமாக ஏதோ ஒன்று, மேலே துணி. தோளில் வைக்கவில்லை, மடியில் வைத்திருந்தான். முகத்தைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். அவன் தெருவைப் பார்க்கவில்லை, அறைக்குள் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அந்தக் கட்டிடத்தில் முந்தின நாள் வரை மூன்று குடும்பங்கள் இருந்தன. கொடியிலிருந்து துணி எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அத்தான் கேட்டார்: "கண்ணாடி, ஆயுதமா?"

"தெரியலை. பொறுங்க."

பின்னாலிருந்து லெப்டினன்ட் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அத்தான் இரண்டாம் முறை கேட்டார். "நிச்சயமில்லை. பொறுங்க" என்றேன். அவர் "சரி" என்றார். அவ்வளவுதான். சுடு என்று சொல்லவில்லை, அக்கா. சொல்லியிருந்தால் சுட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. மற்ற ஆறு பேரையும் சுவரோடு நிற்கச் சொல்லிவிட்டு, அவர் மட்டும் இறங்கினார்.

துணி விலகியது. நான் விசையை அழுத்தியபோது அத்தான் ஏற்கெனவே கீழே விழுந்திருந்தார்.

வலி தெரியாது என்று எழுதியது பொய். இரண்டு நிமிடம் இருந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை எடுக்கவில்லை.

தம்பி


ஜூன் 20

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான். இதை எங்கள் மருத்துவ உதவியாளர் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலில் போட்டால் முகாமில் பிரித்துப் படிப்பார்கள். படித்ததும் எரித்துவிடு, அல்லது வைத்துக்கொள், உன் இஷ்டம்.

மார்ச்சில் நீ கேட்டாய், என்ன நடந்தது என்று. ஒன்றுமில்லை என்றேன். நடந்தது இது.

பிப்ரவரி எட்டாம் தேதி, காலை ஒன்பது மணி. மொட்டை மாடியில் ஒரு ஆள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தோளில் நீளமாக ஒன்றை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். அத்தான் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "ராக்கெட். சுடு" என்றார். நான் "குழாய் மாதிரி இருக்கு" என்றேன். முந்தின வாரம்தான் பக்கத்துப் பிரிவில் மூன்று பேர் அப்படிப் போயிருந்தார்கள். "சுடுடா!" என்று கத்தினார். சுட்டேன்.

மாடி ஏறிப் போனோம். குழாய்தான். பக்கத்தில் ஒரு ஸ்பேனர், சணல் சுருள், பாதி கழற்றிய வால்வு. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தான்தான் குனிந்து அதை மூடினார்.

அன்று சாயங்காலம் அறிக்கையில் "ஆயுதம் தாங்கியவர்" என்று எழுதினார். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே நானே சொன்னாலும், உனக்கு நிச்சயமானா மட்டும் சுடு. இது என் உத்தரவு. என்ன ஆனாலும் சரி" என்றார். என்ன ஆனாலும் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. நாற்சந்தியில் அவர் "சரி" என்று சொன்னபோது புரிந்தது. இன்னொரு முறை என்னிடம் "சுடு" என்று சொல்வதைவிட, தானே இறங்கிவிடுவது மேல் என்று நினைத்துவிட்டார்.

இதை உன்னிடம் சொல்லாமல் இருந்தது உன் மனதில் அவர் அப்படியே இருக்கட்டும் என்றுதான். ஆனால் இப்போது வேறு ஒன்று வந்துவிட்டது. அந்த மாடியில் இறந்தவர் குழாய் வேலை செய்பவர். அவருடைய மனைவி மனுப் போட்டிருக்கிறார். நான்கு மாதமாக, வாரத்துக்கு மூன்று நாள் முகாம் வாசலில் வந்து நிற்கிறார். கையில் கணவர் வேலை பார்த்த கம்பெனி அட்டை. "ஆயுதம் தாங்கியவர்" என்று அறிக்கையில் இருப்பதால் உடலைக்கூட அவரிடம் ஒப்படைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் அவரோடு பேசுவதில்லையாம். அடுத்த மாதம் விசாரணை.

அறிக்கையில் இருப்பதையே சொல்லிவிட்டால் போதும், முடிந்துவிடும் என்கிறார் லெப்டினன்ட். உண்மையைச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். அத்தான் பெயர் என்ன ஆகும்? அவருக்கு அறிவித்த வீரப் பதக்கம் போய்விடும். பாப்பா வளர்ந்து ஒரு நாள் அதைப் படிப்பாள்.

அவர் உன்னுடையவர். உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்வது?

தம்பி


ஜூலை 1

சொல்லக் கூடாது.

உன் தோளுக்குப் பாரமா இருக்குன்னு செத்தவர் தலையில இறக்கி வெக்கப் பார்க்கிறியா? அவர் வந்து பதில் சொல்ல முடியாதுங்கிற தைரியம்தானே.

அவர் உயிரைத்தான் உன்னால காப்பாத்த முடியலை. பேரையாவது விட்டு வை. எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.


ஜூலை 17

தம்பி,

போன கடுதாசியை எழுதிப் போட்டுட்டு வந்து படுத்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன். அதுக்கப்புறம் ரெண்டு வாரமா எந்த ஃபைலை எடுத்தாலும் அந்தப் பொம்பளைதான் வந்து நிக்கிறா.

எங்க ஜன்னலுக்கும் அப்படி ஆளுங்க வருவாங்க. "இந்த வார்த்தை தப்பு, மாத்திக் குடுங்க"ன்னு. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? "எழுதினவங்களைக் கூட்டிட்டு வாங்க." பதினாலு வருஷமா அதைத்தான் சொல்றேன். அவங்க எங்கேருந்து கூட்டிட்டு வருவாங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை.

அவர் போன்ல ஏன் அதைக் கேட்டாருன்னு இப்பப் புரியுது. திருத்தணும்னு நினைச்சிருக்கார். போய்க் கையெழுத்துப் போட அவருக்குத் தைரியம் வரலை. பதினோரு வருஷத்துல அவருக்குத் தைரியம் இல்லாம நான் பார்த்தது இந்த ஒண்ணுதான், அதையும் பார்க்கலை, போன்ல "ம்"னு கேட்டேன். அன்னைக்கே நான் விடாம பிடிச்சுக் கேட்டிருக்கலாம்.

என் புருஷனைப் பெட்டியில வெச்சு, கொடி போர்த்தி, வாசல் வரைக்கும் கொண்டுவந்து குடுத்தாங்க. தெருவே திரண்டு வந்து அழுதுச்சு. அந்தம்மாவுக்கு ஒண்ணுமே குடுக்கலை.

அவரும் எழுதினார், நீயும் எழுதினே. அவர் இல்லை. நீதான் இருக்கே. போய்த் திருத்து.

உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சிக்காதே. அது வேற, இது வேற. பொறுங்கன்னு சொன்னது தப்பில்லைன்னு என் புத்திக்குத் தெரியுது. ராத்திரி படுத்தா புத்தி எங்க இருக்கு?

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். பக்கத்து நாற்காலியில் அந்த அம்மா, ஒரு மொழிபெயர்ப்பாளரோடு. "குழாய் என்று உங்களுக்குத் தெரிந்ததா?" என்று கேட்டார்கள். "தோன்றியது" என்றேன். "தோன்றியும் ஏன் சுட்டீர்கள்?" "உத்தரவு வந்தது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனால் அவரை விட எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பார்க்கத்தான் என்னை வைத்திருந்தார்கள்" என்றும் சொன்னேன். அத்தானைப் பற்றி நீ படித்த அத்தனையும் சொன்னேன். தண்ணீரை மூடியதையும் சேர்த்து.

அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவர் ஏதாவது சொன்னாரா?" அத்தனை தூரத்தில் சத்தம் வராது என்றேன். வாய் அசைந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். என்னைத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

உடலை எடுத்துக்கொடுக்க உத்தரவாகிவிட்டது. அறிக்கையில் அந்த வரியை அடித்து மாற்றினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன்.

பதக்கம் ரத்து. உனக்கும் தாள் வந்திருக்கும். எனக்கு இரண்டு வருடம், ராணுவச் சிறை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது குண்டு அங்கே இருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சார்ஜன்ட்டைக் காட்டிக் கொடுத்தவன் என்று பிரிவில் பேச்சு. நீளத் துப்பாக்கியை இப்போது போட்டியில் முதலாவதாக வந்தவனிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே அறைக்கு ஒரு ஜன்னல். எதிரே சுவர், ஆறடி தூரம். பார்க்க ஒன்றுமில்லை. அது நல்லதாகத்தான் இருக்கிறது.

தம்பி


ஆகஸ்ட் 27

தம்பி,

தாள் வந்துச்சு. பேப்பர்லயும் வந்துச்சு. காய்கறிக் கடைக்காரம்மா மீதியைக் கையில குடுக்காம தட்டுல வெச்சாங்க. சூப்பரின்டென்ட் இப்ப என்கிட்ட ரொம்ப மரியாதையாப் பேசுறார், அதைவிடத் திட்டினாத் தேவலை. என் மாமியார் போன் பண்ணி, "கூடப் பிறந்தவனை வெச்சு என் பிள்ளையை ரெண்டாவது தடவை கொன்னுட்டே"ன்னாங்க. அவங்களுக்கும் பிள்ளை போயிருக்கு.

சிறையில மாசம் ஒரு தடவை பார்க்க விடுவாங்களாம், சனிக்கிழமை. ரெண்டு பேருக்கு மனு எழுதியிருக்கேன். எனக்கும் பாப்பாவுக்கும். ஆறு மணி நேரம் ரயில்.

அங்க வந்து நான் உன்கிட்ட என்ன பேசுவேன்னு எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒண்ணும் பேசாம உட்கார்ந்துட்டு வந்துடுவேன். அப்படி ஆச்சுன்னா மனசுல வெச்சிக்காதே.

ஆனா பாப்பா கேட்கிறா. அப்பா எப்படிச் செத்தாருன்னு. கூடப் படிக்கிற பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களாம். ஒருத்தன் வீரம்ங்கிறான், ஒருத்தன் கொலைகாரன்ங்கிறான். என்கிட்ட கேட்டா நான் கூரை, பள்ளிக்கூடம்னு எதையாவது பேசி மாத்திடறேன். நான் பார்க்கலை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குண்டு சொன்னதும் நீ எழுதினதும்தான்.

நீ பார்த்தே. அந்த ரெண்டு நிமிஷமும் பார்த்தேன்னு எழுதினே. அதனால நீதான் அவகிட்ட சொல்லணும். ஏழு வயசுக்குப் புரியிற மாதிரி, பொய் இல்லாம. வலி தெரியலைன்னு மட்டும் சொல்லிடாதே.

இன்னும் மூணு வாரம் இருக்கு. வார்த்தையை யோசிச்சு வை. அவசரமில்லை.

அக்கா